செல்லியின் கொடுவாளும் ஒரு பித்தளைப் பூணும்

செல்லியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் என் கொழுந்தன் ரங்கனின் பெண்டாட்டி. ஜமுனாமரத்தூருக்கு மேலே இருக்கும் எங்கள் ஊருக்கு அவள் வாழ வந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். வேலைக்குப் போனால் நான்தான் வரிசையில் முதல் ஆள். அவள் வந்த மறு வருஷமே அந்த இடம் போய்விட்டது.

மலைப்பாதை ஓரத்தில் உண்ணிப்புதர் வெட்டும் வேலை அது. எழுபத்தெட்டில் தொடங்கி, வருஷா வருஷம் மாசியும் பங்குனியும் நடந்தது. பத்துப் பெண்கள் வரிசையாக வெட்டிக்கொண்டு போவோம். முதல் ஆள் போகும் வேகம்தான் எல்லோருக்கும் வேகம். எப்போது தண்ணீர் குடிப்பது, எங்கே உட்காருவது எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். மேஸ்திரி சந்தியாகப்பன் படவேட்டுப் பக்கத்து ஆள். ஒரு வாரம் கவனித்துவிட்டு, “செல்லி முன்னால போவட்டும். அது வெட்டற எடத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறலு இல்ல” என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

அப்படி என்ன செய்தாள்? வெட்டத் தொடங்குமுன் கொடுவாளைப் பிடித்த கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றுவாள். அந்த வட்டத்துக்குள் யார் நின்றாலும் விரட்டுவாள், மாமியாராக இருந்தாலும் சரி. காலை ஒதுக்கிக்கொண்டு வெளிப்பக்கமாகத்தான் வீசுவாள். கைப்பிடி ஆடுகிறதா என்று கல்லில் இரண்டு தட்டு தட்டிப் பார்ப்பாள். சாயங்காலம் துடைத்து, தீட்டி, புங்க எண்ணெய் தடவி, பிளந்த மூங்கிலுக்குள் கத்தியின் கூர்வாயைச் செருகிக் கட்டி வைப்பாள். கத்தியை யார் கையிலும் கொடுக்க மாட்டாள். தரையில் வைப்பாள், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். இது எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான். கைக்குக் கை கத்தி மாறினால் அந்த இரண்டு பேருக்கும் சண்டை வரும் என்பார்கள். ஆனால் அவள் செய்தால் மட்டும் ஊரே மெச்சியது. என் வீட்டுக்காரர் கோபால்கூட ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “செல்லி கத்தியப் பாத்தியா? மொகம் பாக்கலாம்” என்றார். குழம்பு ஊற்றாமல் எழுந்து போய்விட்டேன்.

என் கத்தியும் அப்படி மின்ன வேண்டும் என்று வெறி வந்தது. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத்தானே துலக்குகிறோம்? வீடு நிறையப் புளி கிடந்தது. ஒரு கை அள்ளித் தேய்தேய் என்று தேய்த்தேன். சாயங்காலம் பளிச்சென்றுதான் இருந்தது. அரைகுறையாகக் கழுவி வைத்தேன். விடிந்து பார்த்தால் கத்தி முழுக்கத் துரு, வாயெல்லாம் அரித்துப்போயிருந்தது.

“இன்னாக்கா, இரும்புக்குப் போயி புளி போட்டுக்கினே? கீழ வையி, தீட்டித் தர்றேன்” என்றாள் செல்லி. எல்லோரும் சிரித்தார்கள். “உன் வேலையப் பாத்துக்கினு போடி” என்றேன். மொக்கைக் கத்தியோடு நாலு நாள் மல்லுக்கட்டினேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் ஒரு பித்தளை வளையம் கிடந்தது. செல்லியின் கைப்பிடிப் பூண். அவள் ஆணியால் தட்டிய மூன்று புள்ளி அதில் இருந்தது. வெயிலில் கைப்பிடி மரம் சுருங்கிக் கழன்று விழுந்திருக்கிறது. பூண் இல்லாவிட்டால் மரம் பிளந்து கத்தி பறக்கும். நான் சொல்லவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டேன். தட்டிப் பார்க்காமல் அவள் கத்தியை வீச மாட்டாள் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு ஒருநாள் அவள் சும்மா நிற்கட்டும், நான் முன்னால் போகிறேன் என்று நினைத்தேன்.

அவள் தட்டிப் பார்த்தாள். கத்தியை ஓரமாக வைத்துவிட்டுப் பூணைத் தேடினாள். நானும் குனிந்து தேடுவதுபோல் தேடினேன். ஆனால் சந்தியாகப்பன் என் ஆசையில் மண்ணைப் போட்டார். “மாதம்மா, உன் கத்திய செல்லிகிட்ட குடு. நீ வெட்டுனத இழுத்துப் போடு.”

என் கத்தியைத் தரையில் வைத்தேன். “மொக்கையா கீதேக்கா” என்றாள். மேஸ்திரி அவசரப்படுத்தினார். மூன்றாவது வெட்டில் கத்தி தண்டில் இறங்காமல் வழுக்கி, புதரைப் பிடித்திருந்த அவள் இடக்கையில் விழுந்தது. சுண்டுவிரலில் பாதி போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவளைப் பார்க்கப் போனேன். தன் கொடுவாளை வலக்கையில் எடுத்து வந்து என் காலடியில் வைத்தாள்.

“இத வெச்சிக்கோக்கா. உன்னுது வாணாம், அது ஆள வெட்டுது. பூணு மட்டும் ஒண்ணு போட்டுக்க.”

“அதான் உனக்கு வலி இருக்குதே, கையிலயே குடுக்கறதுதான? எதுக்குக் குனியறே?”

“வாணாம்க்கா. நமக்குள்ள எதுக்கு சண்ட?”

வீட்டுக்கு வந்து அந்தப் பூணையே மாட்டினேன். மறுநாளிலிருந்து பங்குனி முடியும்வரை நான்தான் முதல் ஆள். ஆசைப்பட்ட இடம்தான். ஆனால் ஒருநாளும் நிம்மதியாக வெட்டவில்லை.

அடுத்த மாசியில் செல்லி வேலைக்கு வந்தாள். கொடுவாளைத் துடைத்து, எண்ணெய் தடவி, அவள் முன்னால் தரையில் வைத்தேன். எடுத்தாள். கட்டைவிரல் பூணின்மேல் போய் அந்த மூன்று புள்ளியில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“கல்லுல தட்டிப் பாத்தியாக்கா?” என்றாள்.

“பாத்தேன்.”

கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு முன்னால் போனாள். நான் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றேன். அவளைப்போல ஒரு மனசு எனக்கு இல்லையே என்று அப்போதும் வயிறு எரிந்தது.