டேக் கட்டிய பள்ளம்

எங்கள் தெருவில் அநேகமாக எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியின் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் காலையில் வெளியே வருவோம். நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் வேலை. இப்போது அது பழக்கமாகவும் ஆகிவிட்டது. தெருவைப் பற்றியும் மனதில் ஒரு வரிசை உண்டு. பாதாளச் சாக்கடை கிடையாது. மழைநீருக்காக வெட்டிய கால்வாயில் குளியலறைத் தண்ணீர் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுச் சொந்தக்காரரும் தன் வாசலைத் தெருவைவிட உயர்த்திக் கட்டிக்கொண்டதால், மழை பெய்தால் தண்ணீர் நிற்க இருக்கும் ஒரே இடம் தெரு. கார் நிறுத்த விட்ட இடத்தில் அறை கட்டி வாடகைக்கு விட்டுவிட்டு, காரை உறை போட்டுத் தெருவில் நிறுத்துகிறார்கள். நடப்பவர்களுக்கு மிஞ்சியது கால்வாயை மூடியிருக்கும் சிலாப்கள்தான்.

அந்தச் சிலாப்களில் ஒன்றை செப்டிக் டேங்க் லாரி உடைத்தது. நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரர் கூப்பிட்ட லாரி அது. ரிவர்ஸில் வந்து ஏறியது, சிலாப் உள்ளே இறங்கியது, லாரி போய்விட்டது. ஒரு ஆள் இடுப்பு வரை இறங்கக்கூடிய பள்ளம். ஓரத்தில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

எதிர்வீட்டு மாடியில் இருக்கும் அண்ணன் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். அவர் மறுநாளே தன் கம்பெனியிலிருந்து, பழுதான மெஷினில் தொங்கவிடும் ஒரு சிவப்பு டேக் கொண்டுவந்து அந்தக் கம்பியில் கட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் எங்கள் எல்லோருக்கும் சிவப்பு டேக் என்றால் ஒரே பொருள்தான்: பழுது தெரிந்துவிட்டது, சம்பந்தப்பட்டவர்களிடம் சொல்லியாகிவிட்டது, வந்து சரிசெய்வார்கள், நீ கை வைக்காதே. தொழிற்சாலையில் டேக் கட்டுபவர் உடனே அந்தப் பிரிவுக்குத் தகவலும் சொல்வார். தெருவுக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை என்பது யாருக்கும் உறைக்கவில்லை. டேக் வந்த பிறகு அந்தப் பள்ளத்தைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டோம்.

கீழ்வீட்டு அக்கா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வயரிங் கம்பெனியில் கான்ட்ராக்ட். கணவர் இல்லை. ஒன்பதாவது படிக்கும் மகள் ஊரில் சித்தி வீட்டில் இருந்தாள். அக்காவுக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். இரவு ஷிப்டில் பெண்ணைத் தனியாக விட முடியாது என்பதால்தான் அவளை இங்கே வைத்துக்கொள்ளவில்லை. பொங்கல் கழிந்து லைன் லீடர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். லீடர் என்றால் ஜெனரல் ஷிப்ட், பகல் வேலை மட்டும்.

"பத்தாவது இங்கதான் படிக்கப் போறா. நீதான் அவளுக்கு அக்காவா இருந்து கணக்குச் சொல்லிக் குடுக்கணும், கேட்டியா?" என்று துணி காயப்போட மாடிக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.

அன்று காலை, விடாத மழை. தெருவில் முட்டிக்குக் கீழே தண்ணீர். கம்பெனி வேன் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா சிலாப் மேல் நடந்திருக்கிறார். உடைந்த இடம் வந்ததும், வழக்கம்போல் தெருவில் இறங்கிச் சுற்றிப்போகப் பார்த்திருக்கிறார். உறை போட்ட காருக்கும் கால்வாய்க்கும் நடுவே எதிரே ஒரு பைக் வந்தது. ஒதுங்கக் காலைப் பின்னால் வைத்தார். கலங்கல் தண்ணீரில் சிலாப் எது, பள்ளம் எது என்று தெரியவில்லை.

சத்தம் கேட்டு நான் இறங்கி வந்தபோது இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வலது பாதம் இருக்கவேண்டிய திசையில் இல்லை.

வீட்டுக்காரர் குடையோடு வந்தார். "இன்னாமா நீ, செவப்பா கட்டிகீதே, பாத்து வரக் கூடாது?"

"டேக் போட்டு எத்தினி நாளாச்சு, இன்னும் ஒருத்தனும் வந்து பாக்கலையா?" என்றார் மெயின்டனன்ஸ் அண்ணன்.

"கம்ப்ளெய்ன்ட் யார்ணா குடுத்தது?" என்று கேட்டேன்.

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "ஓனர்தான் குடுத்திருப்பாருன்னு..."

"டேக் கட்டினது நீ. நான் எதுக்குக் குடுக்கிறேன்?" என்றார் வீட்டுக்காரர்.

வேன் டிரைவர் தெருமுனையிலிருந்தே கத்தினார்: "வர்றவங்க வாங்கப்பா, அங்க லைன் நின்னுடும்!" கூட்டத்தில் பாதி வேனை நோக்கி ஓடியது. ஆட்டோ உள்ளே வர மறுத்ததால், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அக்காவை மெயின்ரோடு வரை தூக்கிப்போனோம். வீட்டுக்காரரும் ஒரு பக்கம் பிடித்தார். அதையும் சொல்லவேண்டும்.

ஒரு குறை வந்தால் 'ஏன்' என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டே போய் மூலத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து கேட்டுப்பார்த்தேன். ஒவ்வொரு ஏனுக்கும் பதிலாக, தினமும் நான் வணக்கம் சொல்லும் ஒருவர் வந்து நின்றார். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

கணுக்காலில் பிளேட் வைத்தார்கள். அடுத்த வாரம் அக்காவின் சூப்பர்வைசர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நல்லவிதமாகத்தான் பேசினார். கிளம்பும்போது, "அங்க ரெட் டேக் இருந்துச்சாமே?" என்றார்.

"இருந்துச்சு சார்."

"நம்ம லைன்ல டேக்கைத் தாண்டினா என்ன பண்ணுவோம்னு உங்களுக்கே தெரியும். நாளைக்கு லீடரா நின்னு மத்தவங்களுக்கு எப்படிம்மா சொல்லுவீங்க?" சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"எந் தப்புதான் சார்," என்றார் அக்கா.

அவர் போனதும் எனக்குத் தாங்கவில்லை. "தண்ணிக்குள்ள பள்ளம் எப்படிக்கா தெரியும்? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பெறகு என்னத்தச் சொல்ல? தெரு வேற, கம்பெனி வேறன்னா அவருக்கு வெளங்குமாக்கும்? எதுத்துப் பேசுனா இருக்க வேலையும் போயிரும்."

வேலை எப்படியும் போனது. நின்றுகொண்டே செய்யும் வேலை அது. கான்ட்ராக்ட் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. லீடராக வேறொரு பெண்ணைப் போட்டார்கள். ஊராட்சி அலுவலகத்துக்கு நான் மனு எழுதிக்கொண்டு போனேன். தெருவில் கையெழுத்துக் கேட்டபோது பாதிப்பேர், "ஓனர் காலி பண்ணச் சொல்லிடுவாரு சிஸ்டர்" என்று கதவோரம் நின்றபடியே சொன்னார்கள். அதற்கும் அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் வாடகைக்கு இருப்பவர்கள். மழைக்காலம் முடிந்து புதுச் சிலாப் வந்தது. அதற்குள் அக்கா ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்.

மகளுக்கு விழுந்த விஷயம் தெரியும். இனி இங்கே வந்து படிக்க முடியாது என்பது தெரியாது. "எனக்கு வாய் வரமாட்டேங்கு. நீ சொல்லிரு," என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனை என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் விஷயத்தை வரிசையாகச் சொன்னேன். அம்மாவுக்குக் கால் சரியாக நாளாகும். அதனால் ஊருக்கு வருகிறார். அதனால் நீ அங்கேயே பத்தாவது படிக்கலாம், அம்மா கூடவே இருப்பார், அது நல்லதுதானே என்று. ஒவ்வொன்றுக்கும் "சரிக்கா" என்றாள்.

கடைசியில் கேட்டாள்: "அம்மா வந்தா இங்க என்ன வேலைக்குப் போவாங்க?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. "வந்து சொல்லுவாங்கம்மா," என்றேன்.