ஆறுக்கு முன்னால் ஒரு ஒன்று

வெள்ளத்தை அளப்பவனுக்குப் படகாவது கொடுப்பார்கள்; வறட்சியை அளக்கிற எனக்கு ஓர் இரும்பு டேப்பும் ஒரு துண்டு சாக்பீஸும்தான். தேனாம்பேட்டை நிலத்தடி நீர் ஆபீசிலிருந்து மாதாமாதம் கிளம்பி, தென்சென்னைக் கிணறுகளில் சாக்பீஸ் தேய்த்த டேப்பை இறக்கி, எந்த இடம் வரை நனைந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. காலிக் குடத்தோடு தண்ணி லாரிக்குக் காத்துக்கிடந்த சக பாவிகளே, அந்த லாரி உங்கள் தெருவுக்கு வராமல் போனதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு.

தண்ணீர் ஏறிய கதை

அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் செக்ரட்டரி பேங்கில் ரிட்டயர் ஆனவர். என் ரிஜிஸ்தரை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது. போன மாதம் நாலு மீட்டர், இந்த மாதம் ஏழு என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்தவர், கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் ஏறிவிட்டதாக வாட்ஸப்பில் போட்டுவிட்டார். அன்று சாயங்காலமே குடியிருப்பின் கார்கள் அத்தனையும் குளித்தன.

அடுத்த மாதம் ஒன்பது மீட்டர். தரையிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே கிடக்கிறது என்பதைத்தான் அளக்கிறோம், எண் ஏறினால் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இத்தனை நாளா நீங்க தண்ணியை அளக்கலை, காத்தை அளந்துண்டிருக்கேள்."

இயல்பு

அந்த வருஷத்து வடகிழக்குப் பருவமழை நாலே நாளில் கொட்டித் தீர்த்து, தெருவில் நின்று, கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறகு மாதக்கணக்கில் ஒரு தூறல் இல்லை. மொத்தமாகக் கூட்டினால் பல வருஷச் சராசரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால், அறிக்கையில் 'இயல்பு' என்று விழுந்தது. மழை குறைந்தால் ஒரு வறட்சி, பயிர் வாடினால் ஒரு வறட்சி, கிணறு வற்றினால் ஒரு வறட்சி என்று புத்தகத்தில் வகைவகையாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் காற்று வருவதற்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. ஊரே குடத்தோடு நிற்கும்போது இது எப்படி இயல்பு என்று எங்கள் அதிகாரி மேடத்திடம் கேட்டேன்.

"மழை வந்துச்சா, வந்துச்சு. அது எங்க போச்சுன்னு கேக்கறது நம்ம வேலை இல்லப்பா."

பார்க் கிணறு

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. பதினாறு குடித்தனத்துக்கு ஒரே அடி பம்பு, அதுவும் வறண்டு இரண்டு மாதம். அங்கே இட்லிக்கடை போட்டிருந்த கௌரி அடுப்பை அணைத்துவிட்டாள். அரிசி இருக்கிறது, ஊறவைக்கத் தண்ணீர் இல்லை. இலவச லாரி வர வேண்டுமானால் அந்த வட்டாரத்துக்கென்று நான் அளக்கிற கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் பத்து மீட்டருக்குக் கீழே போக வேண்டும் என்பது விதி. அந்தக் கிணறோ பக்கத்துப் பார்க்கில், மழைநீர் சேகரிப்புக் குழியை ஒட்டிச் சொகுசாக இருக்கிறது. ஆறு மீட்டர்.

ஆறுக்கு முன்னால் ஒரே ஒரு ஒன்று போட்டுவிடச் சொல்லி கௌரி கேட்டாள். பேனா என் கையில்தான் இருந்தது. போடவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், நிஜத்தில் பயம். அவள் சத்தம் போடவில்லை.

"கெணத்துல தண்ணி கீதுன்னு எழுதிக்கினு போறியே, கெணத்துக்கா சார் தாகம் எடுக்குது?"

லாரி வந்தது

மறுநாளே, சந்தின் பம்பையும் அளக்க அனுமதி கேட்டு எழுதினேன். அளக்கும் இடத்தை மாற்றினால் பழைய வருஷங்களோடு ஒப்பிட முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினேன். ஃபைல் மேஜை மேஜையாக ஊர்ந்து, அடுத்த மழைக்காலத்தில் உத்தரவாக வந்தது. பம்பு வறண்டதாக முதல் கடிதத்தில் நான் எழுதியிருந்ததை வைத்தே அந்தச் சந்து வறட்சிப் பட்டியலில் சேர்ந்தது.

லாரி வந்த அன்று சந்தில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர், சாக்கடையும் கலந்து. ஒப்புகைத் தாளோடு நானும் போயிருந்தேன். கௌரி அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு வந்து, நான் பிடித்த குடைக்கடியில், 'வறட்சி நிவாரணம் பெற்றுக்கொண்டேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"காஞ்சு கெடந்தப்போ சொன்னேன், நீங்க நம்பல. இப்ப முட்டி வரிக்கும் தண்ணில நின்னுக்கினு கையெழுத்து போடறேன், நம்பிட்டீங்க."

வறட்சி முதலில் குடத்துக்கு வரும், அப்புறம்தான் எங்கள் ரிஜிஸ்தருக்கு வரும். நடுவில் மழையே வந்துவிட்டாலும் அந்த வரிசை மாறாது.