மூன்று நாள் காவி

கெலிஓயாவில் வசிக்கும் வீரய்யா, நகரசபையின் நீர்விநியோகப் பிரிவில் முப்பத்தோராண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். அயலார் அவரைத் தேடி வந்தது வேறொரு காரியத்துக்காக. அக்கி கண்டவர்களின் உடம்பில், கொப்புளங்களின்மேல் காவியைக் குழைத்துச் சிங்க உருவம் எழுதுவார். மூன்று காலை தொடர்ந்து எழுத வேண்டும். அதுவரை வேறு மருந்து கூடாது. இது தந்தை விட்டுச்சென்ற விதி. பெரும்பாலோர் குணமடைந்தனர்.

சென்ற ஆடியில் அவருடைய தங்கை பேச்சியம்மாவுக்கு நெற்றியின் வலப்புறம் கொப்புளங்கள் எழும்பின. வயது அறுபத்தாறு, தையலே பிழைப்பு. இடக்கண்ணில் முன்பே பார்வை மங்கல்.

"சிங்கத்த ஒழுங்கா எழுதுண்ணே. பக்கத்து வீட்டு வேலாயிக்கு எழுதினது பூனை மாதிரி இருந்துச்சு."

"பூனைக்கே அவளுக்கு ஆறிருச்சுல்ல? ஆடாம இரு புள்ள."

மறுநாள் மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம் தோன்றியது. வலக்கண் சிவந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போவமாண்ணே?"

"நாளைக்கு ஒருக்கா எழுதினா முடிஞ்சிரும்."

முடியவில்லை. ஐந்தாம் நாள் கண்டிக்கு அழைத்துச் சென்றபோது, மருத்துவர் ஜஹானா பொறுமையாக விளக்கினார். சிறுவயதில் அம்மையாக வந்த வைரசு நரம்பில் உறங்கிக் கிடந்து, முதுமையில் விழிக்கிறது. நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்பு. தோலில் கிளைவிட்ட காவற்கலங்கள், அதாவது காவல் செல்கள், உள்ளன. அவை வைரசின் துணுக்குகளைப் பற்றி, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டுபோய், போரிடும் கலங்களுக்கு அடையாளம் காட்டுகின்றன. வயதானால் இந்தக் காவல் தளரும், வைரசு முந்திக்கொள்ளும். மருந்து அதன் பெருக்கத்தைத் தடுத்துக் காவலுக்கு அவகாசம் தருகிறது.

"மூணு நாளுக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன்" என்றார் அவர்.

அந்த மூன்று நாளையும் வீரய்யா காவிக்குக் கொடுத்திருந்தார். முன்பு குணமானவர்களைக் குணமாக்கியது அவரவர் தோலும் குருதியுமே. பெயர் மட்டும் சிங்கத்துக்குப் போயிருந்தது.

பேச்சியம்மாவின் வலக்கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டுமே தெரிகிறது. யாருக்கேனும் அக்கி என்றால் வீரய்யா முச்சக்கரவண்டியை அழைத்து, தாமும் ஏறி, மருத்துவரிடம் கொண்டுபோய் விடுகிறார். காலையில் தங்கை வீட்டில் ஆறு ஊசிகளுக்கு நூல் கோத்து வைக்கிறார். பேச்சியம்மா விரலால் தடவித் தடவித் தைக்கிறார். அண்ணனை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒருமுறை நெற்றித் தழும்பைத் தொட்டுக்கொண்டு, "எனக்கும் பூனையத்தான் எழுதியிருக்க" என்று சிரித்தார்.

அன்று வீரய்யாவுக்கு மூன்றாவது ஊசியில் நூல் நெடுநேரம் நுழையவில்லை.