நான் எடுத்துக் கொடுத்த கோப்பி

எங்கள் அரிப்பு ஊர்க் கடற்கரைக் கோப்பிக் கடையில் இன்றைக்கும் அதே அடி தடித்த கண்ணாடிக் கிளாஸ்கள்தான். இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். நடுவில் பிடித்தால் கை சுட்டுவிடும். அப்படியொரு கிளாஸைத் தூக்கி ஒருமுறை என் அண்ணனின் கையில் கொடுத்தவன் நான்.

எங்கள் ஊருக்குக் கந்தோர், கச்சேரி என்று எல்லா அலுவலகமும் அந்தக் கடைதான். கல்யாணப் பேச்சு, வலை அறுந்த சண்டை, யார் இன்னும் கரை திரும்பவில்லை என்ற செய்தி, எல்லாம் அங்கேதான். போர் முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது கோயிலுக்கு அடுத்ததாகத் திறந்தது அது. எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த முஸ்லிம் கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், நாலு கம்பை நட்டுத் தறப்பாளைக் கட்டி அடுப்பை மூட்டினார். கூரை போடுமுன்பே பழைய வழக்குகள் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டன. பழைய வழக்கங்களும்தான்.

மீன்பிடிப் பருவம் தொடங்கும் ஞாயிறு, பூசை முடிந்ததும், வள்ளங்களின் சொந்தக்காரரான சம்மாட்டிமார் கடைக்கு வருவார்கள். ஆள் சேர்க்கக் கடிதமோ கையெழுத்தோ கிடையாது. ஒருவனைப் பார்த்து, "தம்பிக்கு ஒரு கோப்பி குடுங்கோ நானா" என்பார்கள். விருப்பமில்லாதவன் கிளாஸைத் தொடாமல், "இப்பதான் குடிச்சனான்" என்றால் போதும், ஒருவருக்கும் மனக்கசப்பில்லை. தூக்கினால் குடிக்க வேண்டும். குடித்தால் அந்தப் பருவம் முழுக்க அந்த வள்ளம். தூக்கிய பிறகு குடிக்காமல் வைத்தவனை எந்தச் சம்மாட்டியும் மறுபடி கூப்பிடமாட்டார். அவன் வீட்டாரையும் சேர்த்துத்தான்.

அண்ணனுக்கு எந்திரம் என்றால் உயிர். கொழும்பில் ஒரு கராஜில் அவருக்கு வேலை சரிவந்திருந்தது, திங்கட்கிழமை பஸ். மனைவியையும் மூன்று வயது மகனையும் பிறகு கூப்பிடுவதாக ஏற்பாடு. அந்த ஞாயிறு பயணம் சொல்லத்தான் கடைக்கு வந்தார். வவுனியாவில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த நான் லீவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கராஜ் விலாசம் எழுதிய துண்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, எந்தச் சந்தியில் இறங்குவது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சம்மாட்டி ஒருவர் தனக்குக் கோப்பி சொன்னதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

"ஆறப்போகுது, குடியுங்கோ அண்ணன்" என்று கிளாஸை எடுத்து அவர் கையில் வைத்தேன். விலாசத்திலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு மிடறு குடித்தார். "சந்தோசம் தம்பி" என்றார் சம்மாட்டி. அப்போதுதான் அண்ணனுக்கு விளங்கியது. அப்பா அதே சம்மாட்டியின் வள்ளத்தில் போய்க்கொண்டிருந்தார். அண்ணன் துண்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார்.

மறந்துபோய்ச் செய்துவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அந்த ஊரில் பிறந்தவன் அதை மறப்பானா? அண்ணன் போனால் அம்மாவும் அப்பாவும் என் தலையில்தான் என்ற பயம். பச்சைச் சுயநலம் அது. பருவம் முடியுமுன் கராஜ் வேலை வேறொருவனுக்குப் போனது. பிறகு அப்பா பாரிசவாதத்தில் விழுந்தார். ஒரு பருவம் பதினைந்தாயிற்று. நானோ மாற்றலாகி மாற்றலாகி ஊர்கள் பார்த்தேன். லீவில் வரும்போதெல்லாம் அண்ணன் கரையில் யாருடைய எந்திரத்தையாவது கழற்றிப் போட்டுக்கொண்டு இருப்பார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போய் நிற்பேன். ஸ்பானர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

இந்த வருடம் அண்ணனின் மகனுக்குக் கொழும்பில் எந்திரப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அண்ணனுக்கு முதுகு போய்விட்டது. இனிக் கடல் கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். "காணும், இனி நான் போகேல்லை" என்று அவரும் சொல்லியிருந்தார். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த நானும் அவர்களோடு பூசை முடிந்து கடைக்குப் போனேன். சம்மாட்டிக்கு ஆள் தட்டுப்பாடு. பிள்ளையைப் பார்த்து, "தம்பிக்கு ஒரு கோப்பி" என்றார். மன்னாரில் விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைக்கு அந்த வழக்கம் தெரியாது. வழியனுப்பத் தருகிறார் என்று நினைத்து, சிரித்தபடி கிளாஸைத் தூக்கிவிட்டான்.

என் கை நீண்டது. அண்ணனின் கை முந்தி அதை வாங்கிக்கொண்டது.

"உனக்கு வள்ளத்திலை நிக்கவே ஏலாது, நீ ஏன்ரா கையை நீட்டுறாய்?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சம்மாட்டியிடம், "இவன் படிக்கப் போறவன். இவனுக்குப் பதிலா நான் வாறன்" என்றார். ஒரே மூச்சில் குடித்தார்.

"அப்பா, நீங்கள் கோப்பி குடிக்கிறேல்லையே?" என்றான் மகன். வீட்டில் அவர் தேத்தண்ணி மட்டும்தான்.

"வருசத்துக்கு ஒருக்கால் குடிக்கிறனான்."

"அண்ணன், அண்டைக்கு நான் தெரிஞ்சுதான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகுது, பெடியனைக் கூட்டிக்கொண்டு போ" என்று வெறும் கிளாஸை என் கையில் தந்துவிட்டு, முதுகைப் பிடித்தபடி எழுந்து சம்மாட்டியின் பக்கம் போனார். கிளாஸை நான் நடுவில் பிடித்திருந்தேன். இன்னும் சுட்டது.