அவித்த இறால்

ஒவ்வாமை நோய்களுக்கான பயிற்சியில் சேர்ந்த இளம் டாக்டர்கள் நாங்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்த அந்த மீன்காரம்மாவுக்கு மஞ்சள் பூசிய முகம், காசளவு பொட்டு. எங்களுக்குத்தான் படபடப்பு, அவருக்கு இல்லை.

ஒருமுறை இறால் சாப்பிட்டு அவருக்கு உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இனி இறாலைத் தொடவே கூடாது என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து, நல்ல லாபம் தரும் இறாலை விட்டுவிட்டு செம்பாக்கம் தெருக்களில் மத்தி மட்டும் விற்றுவந்தார்.

தோல் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. இனி எங்கள் கண்முன்னே கொஞ்சம் கொஞ்சமாக இறால் சாப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான். ஆபத்து வந்தால் போட ஊசி தயாராக இருந்தது.

ஒவ்வொரு துண்டையும் மோந்து, திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போட்டார்.

"உதடு அரிக்குதாம்மா?"

"இல்ல சார். உப்பு, காரம் இல்லாம அவிச்சா நாக்குதான் செத்துப்பூடும்."

இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தடிப்பும் இல்லை, இளைப்பும் இல்லை.

"தாராளமா சாப்பிடலாம், விக்கலாம்மா! அன்னிக்குத் தடிச்சது வேற எதனாலயோ" என்றேன் உற்சாகமாக.

"அப்போ அந்த டாக்டரு இன்னாத்த பாத்து சொன்னாரு?"

"சோதிச்சுப் பார்க்காம சொல்லியிருப்பார்மா."

"அவரையும் இட்டாந்து இங்க குந்த வைங்க. நான் வேணா இன்னொரு தபா துன்னு காட்டறேன்."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதற்குத் தான் என்றைக்கு வர வேண்டும் என்று கேட்டார்.