திரையில் ஒட்டிய பொட்டு

ஓய்வு பெற்ற பிறகு நான் புதிதாகக் கற்றுக்கொண்டது வீடியோ கேம். அதை விளையாடினால் எனக்கு வாந்தி வரும் என்பதையும் கூடவே கற்றுக்கொண்டேன்.

ஓசூர் வீட்டில் மகன் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர் இருந்தது. வேலை கிடைத்து அவன் புனேவுக்குப் போனதும் அது என் வசம் வந்தது. அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டு. திரையில் துப்பாக்கி மட்டும்தான் தெரியும். அதைப் பிடித்திருக்கும் ஆள் நாம். இருட்டுச் சந்துகளில் ஓடி, சடாரென்று திரும்பி, எதிரிகளைச் சுட வேண்டும். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவை நடத்தியவன் நான். இது ஒரு பெரிய காரியமா என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நெற்றி வியர்த்தது, வாயில் எச்சில் ஊறியது, காலையில் தின்ற இட்லி மேலே வரப் பார்த்தது.

பித்தம் என்று நினைத்து மறுநாள் வெறும் வயிற்றில் ஆடினேன். இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்தேன், நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன், டேபிள் ஃபேனை முகத்துக்கு நேராக வைத்தேன். எதுவும் உதவவில்லை. நிறுத்தவும் மனம் வரவில்லை. ஓர் இரும்புக் கதவு திறக்காமல் இருந்தது. அதற்குப் பின்னால் என்ன என்று தெரிந்தாக வேண்டும்.

இதையெல்லாம் மனைவிக்குத் தெரியாமல் மறைத்தேன். காரணம் உண்டு. அவளுக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. கல்யாணமான புதிதில் ஒருமுறை தேன்கனிக்கோட்டைக்குப் போனோம். கெலமங்கலம் தாண்டியதும் ஜன்னல் வழியாக எடுத்துவிட்டாள். பின்சீட்டுக்காரர் மேல் தெறித்தது. "யாருய்யா இந்தம்மாகூட வந்தது?" என்று அவர் எழுந்து கத்தினார். நான் இரண்டு வரிசை முன்னால் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பவில்லை.

அதன் பிறகு, "அதெல்லாம் மனசுதான். கட்டுப்படுத்தக் கத்துக்கணும்" என்று அவளுக்கு உபதேசம் செய்தேன். பிறகு அழைத்துப் போவதையே விட்டுவிட்டேன். நாகரசம்பட்டியில் அவள் தங்கை வீட்டுக் காதுகுத்துக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் நான் மட்டும் போய்த் தலையைக் காட்டினேன். "அவளுக்குப் பஸ் ஒத்துக்காது" என்று சொன்னால் யாரும் மேலே கேட்கவில்லை.

ஒருநாள், கொல்லைப்புறத் தொட்டியருகே குனிந்து நின்றபோது அவளிடம் பிடிபட்டேன்.

"எந்த ஊரு பஸ்ல போயிட்டு வந்தீங்க?"

வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

"உக்காந்த எடத்துலயேவா? மனசக் கட்டுப்படுத்தலீங்களா?"

தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் கையில் கொடுத்து, கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்து, பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

"ஆடுறதப் பாக்கக் கூடாது. நான் பஸ்ல முன்கண்ணாடி வழியா தூரத்துல ஒரு மலையப் புடிச்சிக்குவேன். இதுல மலை இருக்குதா?"

"இல்ல. எல்லாமே சந்து."

யோசித்தாள். நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்துத் திரையின் நட்டநடுவில் ஒட்டினாள்.

"கண்ண இதுலயே வெச்சிக்கோங்க. மெதுவாத் திரும்புங்க. எவனாச்சும் சுட்டா சுட்டுட்டுப் போறான்."

பார்த்தால் தனக்கும் குமட்டும் என்று அவள் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"சுட்டீங்களா?"

"சுட்டுட்டேன்."

"வயிறு?"

"பரவால்ல."

இரும்புக் கதவு திறந்தது. பின்னால் இன்னொரு சந்துதான்.

"இவ்ளோ தெரிஞ்சும் பஸ்ல எதுக்கு வாந்தி எடுக்கற?" என்று கேட்டேன்.

"முன்சீட்டு கெடைச்சா வராதுங்க. எனக்கு யாரு துண்டு போட்டு எடம் புடிச்சிக் குடுத்தா?"

கையிலிருந்த மவுஸை வைத்தேன். "அன்னிக்கு அந்த ஆளு கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"தெரியும். பின்னாலருந்து பாத்தேனே, உங்க காது செவந்துச்சு."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, பழத்த மோந்துக்கோங்க" என்றாள்.

அடுத்த மாதம் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். சேர்ந்து போகலாம், நான் இடம் பிடித்துத் தருகிறேன் என்றேன்.

"நீங்க கல்யாணத்தன்னிக்கு வாங்க. நான் முன்னாடியே போறேன். எவ்ளோ நாளாச்சு அவகூட இருந்து."

பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தை முந்திக்கொண்டு ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு முன்சீட்டில் அவளை உட்கார வைத்தேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாற வேண்டும் என்பது அப்போது நினைவில் இல்லை.

சாயங்காலம் போன் வந்தது. பின்னால் பெண்களின் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"வாந்தி வந்துச்சா?"

"ரெண்டாவது பஸ்ல பின்சீட்டுதான் கெடைச்சுது. எடுத்துட்டேன். பக்கத்துல யாரோ ஒரு பொம்பள, எறங்கற வரைக்கும் என் தலையப் புடிச்சிக்கிட்டே வந்துச்சு. மூஞ்சி தொடச்சி விட்டுச்சு. முன்னப்பின்ன தெரியாது பாருங்க."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வெச்சிடட்டுங்களா? இங்க வேலை கெடக்குது" என்றாள் அவள், சந்தோஷமாக.