உர்போவும் நாலு சக்கரமும்

உர்போ லெஹ்தோலாவுக்குப் பனிச்சாலையைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. இதை எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். பின்லாந்தின் வடக்கே எங்கள் ஊரான குசாமோவின் பெட்ரோல் பங்கில் தினமும் காபிக்கு உட்கார்ந்து, சர்க்கரைக் கட்டிகளைக் கார்களாக வைத்து வளைவில் எப்படித் திருப்ப வேண்டும் என்று வகுப்பெடுப்பார். அறுபத்தொரு வயதுக்குள் மூன்று முறை வண்டியோடு பள்ளத்தில் இறங்கியவர். ஒருமுறை கலைமான் காரணம், ஒருமுறை சாலைத்துறை, ஒருமுறை மனைவி ஹெல்வி வாயைத் திறந்தது.

போன இலையுதிர் காலத்தில் நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி வாங்கினார். பழையது, பனியைக் கவ்வ ஆணி பதித்த அதன் டயர்களும் பழையவை.

"உர்போ, டயரப் பாத்தியா? ஆணியெல்லாம் தேஞ்சு வழுக்கையாயிருச்சு" என்றாள் ஹெல்வி.

"நாலு சக்கரமும் இழுக்கும்போது ஆணி எதுக்கு? உனக்கு இதெல்லாம் புரியாது."

முப்பது வருடமாக அவளுக்கு எதுவும் புரியாது என்றுதான் அவளுடைய ஓட்டுநர் உரிமம் அலமாரியில் தூங்கியது.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. உறைந்த சாலையில் மழை பெய்து கண்ணாடிபோல் பனிக்கட்டி பூசிவிட்டது. பேத்திக்குப் பெயர் வைக்கும் விழா. ஹெல்வியின் மடியில் கேக். முன்னால், ஊர் ஊராகப் புத்தகம் கொண்டுபோகும் நூலக பஸ் நாற்பதில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுவது இர்யா, உர்போவோடு பள்ளியில் படித்தவள். அவள் ஆளில்லாத சமதளத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டுப் பார்த்து, பஸ் வழுக்குவதை உணர்ந்து வேகத்தைக் குறைத்திருந்தாள்.

"இவ பின்னாடி போனா, பேர் வைக்கறதுக்குள்ள குழந்தைக்கு மீசையே முளைச்சிரும்" என்று ஹாரன் அடித்துக்கொண்டே முந்தினார் உர்போ.

ஏரிக்கரை வளைவில் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி நேராகவே போய், சாலையோரப் பள்ளத்துப் பனியில் மூக்கைப் புதைத்தது. யாருக்கும் அடியில்லை.

பின்னால் வந்த இர்யா பிரேக்கைத் தொடவில்லை. கியரைக் குறைத்து, வளைவை மெல்லக் கடந்துபோய், சமதளத்தில்தான் நிறுத்தினாள்.

"பாத்துட்டும் நிக்காம போறா பாரு!" என்று கத்தினார் உர்போ.

எச்சரிக்கை முக்கோணத்தை வைத்துவிட்டு, சாலையோரப் பனியில் கால் பதித்து நடந்து வந்தாள் இர்யா. "அங்கயே நிறுத்தியிருந்தா உன் கூரை மேலதான் நின்னிருப்பேன். ஹெல்வி, அடிபட்டுச்சா?"

"இல்ல. உன் பஸ்ல இடம் இருக்கா?"

"என்னை விட்டுட்டா போற? நாலு சக்கரமும் இழுக்குது, இப்ப வெளிய எடுத்துருவேன்!"

"நாலும் சேர்ந்துதானே உள்ள இறக்குச்சு" என்றாள் ஹெல்வி. கேக்கோடு பஸ்ஸில் ஏறினாள்.

இழுவை வண்டி வர மூன்று மணி நேரம். வண்டியைத் தனியாக விட்டுவர மறுத்து, குளிரில் நடுங்கியபடி காவல் காத்தார் உர்போ. அந்தப் பள்ளத்திலிருந்து அதை யார் திருடிப்போவார்கள் என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. பேத்திக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்பதே அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது.

ஹெல்வி புது ஆணி டயர் போட்ட சின்னக் கார் ஒன்றை வாங்கினாள். ஏரி நன்றாக உறைந்தபின், ஞாயிறுதோறும் இர்யாவோடு போய்ப் பனியின் மேல் ஓட்டிப் பழகினாள். வண்டி வழுக்கினால் பதறாமல் பெடலிலிருந்து காலை எடுக்கவும், போக வேண்டிய திசையைப் பார்த்தபடி மெல்லத் திருப்பவும் வந்துவிட்டது.

இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். உர்போ பக்கத்தில் உட்கார்ந்து, "பிரேக்க மிதி, மிதி!" என்பார்.

"இறங்கி நடக்கறியா?" என்பாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.